தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மூட்டை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாகச் சுருக்கியிருக்கிறோம்.)

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா ஒட்டன்சத்திரம். பெங்களூர்ல யார்கிட்ட சொன்னாலும் "பழனி பக்கமா?"ன்னு கேப்பாங்க. ஆமா, பழனிக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவுல. நீங்க கேரளாவுல ஒரு ஹோட்டல்ல சாம்பார் சாப்பிட்டிருந்தா, அதுல மிதந்த முருங்கைக்காய் எங்க ஊர் மார்க்கெட்டைப் பார்த்துட்டு வந்ததா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

எங்க மாமா ஒருத்தர் ரொம்ப வருஷமா அங்கிருந்து கேரளாவுக்கு லோடு அடிக்கிறார். சொந்த வண்டி. டீக்கடையில பேசிட்டிருந்தப்ப சும்மா கேட்டேன்: "மாமா, ஏத்துற ஒவ்வொரு மூட்டைக்குள்ளயும் என்ன இருக்குன்னு பாப்பீங்களா?" என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எண்ணிக்கை சரியான்னு பாக்கவே நேரம் பத்தல மாப்ள. இதுல எங்க பிரிச்சுப் பாக்க?"

"சரி, அதுல ஒண்ணு கஞ்சா மூட்டையா இருந்தா?"

"நான் ஜெயில்ல, வண்டி ஸ்டேஷன்ல, இஎம்ஐ வீட்டுல."

இந்த எபிசோடு அந்த பதில்ல இருந்து வந்தது. எங்க மார்க்கெட் வழியா கஞ்சா போகுதுன்னு நான் சொல்லல. ஆனா காய்கறிக்கு அடியில வச்சுக் கடத்தின வழக்குகள் நாட்டுல பல இடத்துல இருக்கு. ஒரு சின்ன ஊர்ல, நடு ராத்திரி அப்படி ஒரு வண்டியை நிறுத்தினா, அதுக்கப்புறம் என்னென்ன நடக்கணும்? எத்தனை துறை சேரணும்? அதுல ஒருத்தர் கோட்டை விட்டா யார் தப்பிக்கிறாங்க, யார் மாட்டுறாங்க?

முதல்ல மேப்பை மனசுல வச்சுக்கோங்க. ஒரு காலத்துல கஞ்சான்னா நம்ம பக்கத்துல வருசநாடு, கம்பம் பள்ளத்தாக்குன்னுதான் சொல்வாங்க. இப்போ சரக்கு பெரும்பாலும் ஆந்திரா–ஒடிசா எல்லை மலைகள்ல இருந்து வருது. ஆந்திர போலீஸ் 2021 கடைசியில 'ஆபரேஷன் பரிவர்த்தனா'ன்னு ஒண்ணு ஆரம்பிச்சு, விசாகப்பட்டினம் மலைப்பகுதியில 7,500 ஏக்கருக்கு மேல கஞ்சாச் செடியை அழிச்சாங்க. 2022 பிப்ரவரியில அனகாபள்ளி பக்கம் சுமார் 2 லட்சம் கிலோவைக் குவிச்சு எரிச்சாங்க. அது ஒரு மாநிலம் பிடிச்சது மட்டும்.

அங்கிருந்து கேரளாவுக்கோ, ராமநாதபுரம் கரை வழியா இலங்கைக்கோ போகணும்னா தமிழ்நாட்டைத் தாண்டணும். தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் மாதிரி ரயில்கள்ல சேலம், காட்பாடி பக்கம் பையோட பிடிச்ச செய்தியை நீங்களே படிச்சிருப்பீங்க. ரோட்டு வழின்னா காஷ்மீர்–கன்னியாகுமரி நெடுஞ்சாலை திண்டுக்கல்லைத் தொட்டுப் போகுது. திண்டுக்கல்ல இருந்து ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சின்னு ஒரே ரோடு, பாலக்காட்டுக்கு. கூடவே ஒரு ரயில் பாதை. எங்க ஊர் ஆரம்பமும் இல்ல, முடிவும் இல்ல. நடுவுல ஒரு புள்ளி. பிரச்சனையே அதுதான். நடுவுல இருக்கிற ஸ்டேஷனுக்கு ஒரு வண்டி மட்டும்தான் தெரியும். விளைவிச்சவர் ஆந்திராவுல, வாங்குறவர் எர்ணாகுளத்துல.

அதனாலதான் இதுல இவ்வளவு துறைகள். நம்ம மாநிலத்துல உள்ளூர் ஸ்டேஷன் போக, போதைப்பொருள் நுண்ணறிவுப் பிரிவுன்னு தனியா ஒண்ணு இருந்துச்சு. அதையும் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவையும் சேர்த்து இப்போ அமலாக்கப் பணியகம்னு ஆக்கியிருக்காங்க. மத்திய அரசுக்கு என்சிபி. ரயில்ல ஆர்பிஎஃப், 2019லதான் அவங்களுக்கே போதைப்பொருள் சட்டத்துல சோதனை போட, கைது பண்ண அதிகாரம் கிடைச்சுது. எல்லை தாண்டினா கேரளாவுல எக்சைஸ் துறை. இவங்களை ஒரே மேசையில உட்கார வைக்க 'என்கார்டு'ன்னு நாலடுக்கு அமைப்பு இருக்கு. மாவட்டத்துல அதுக்குத் தலைமை கலெக்டர். போலீஸோட வனத்துறை, மருந்துக் கட்டுப்பாடு, சுகாதாரம், கல்வித் துறை எல்லாம் அதுல வரும். 2021 டிசம்பர்ல தமிழ்நாடு போலீஸ் ஒரு மாசம் 'கஞ்சா வேட்டை' நடத்தினாங்க, 2022 மார்ச் 28ல 2.0. வெர்ஷன் நம்பர் போட்டதைப் பார்த்ததும் நம்ம ஆள் யாரோ உள்ள இருக்காங்கன்னு நினைச்சேன்.

சரி, ராத்திரி 2 மணி. தகவல் வருது: இந்த நம்பர் வண்டி, இந்த வழி. நாம சினிமாவுல பார்க்கிறது ஜீப் சீறிக்கிட்டுப் போறது. சட்டம் கேக்கிறது ஒரு பேனா. 1985ல வந்த என்டிபிஎஸ் சட்டத்தோட 42வது பிரிவுப்படி, கிடைச்ச தகவலை அந்த அதிகாரி எழுத்துல பதியணும், 72 மணி நேரத்துக்குள்ள நகலை மேலதிகாரிக்கு அனுப்பணும். சூரியன் மறைஞ்சதுக்கு அப்புறம் வாரண்ட் இல்லாம சோதனை போட்டா, ஏன்னு காரணத்தையும் எழுதணும். கான்ஸ்டபிளுக்கு அந்த அதிகாரமே கிடையாது, அதுக்கு மேல உள்ளவங்கதான். பொது இடத்துல பிடிச்சா வேற பிரிவு, இவ்வளவு கெடுபிடி இல்ல. ஆனா ரோட்டுல நிக்கிற தனியார் வண்டி பொது இடக் கணக்குல வராதுன்னு 2021ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தா கோர்ட் ஏத்துக்கும். எழுதவே இல்லைன்னா வழக்கு போச்சு.

அடுத்து, டிரைவரோட உடம்பைச் சோதிக்கணும்னா, "கெசட்டட் ஆபீசர் முன்னாடியோ மாஜிஸ்திரேட் முன்னாடியோ சோதிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு"ன்னு அவர்கிட்ட சொல்லியாகணும். 50வது பிரிவு. 2010ல அரசியல் சாசன அமர்வு இதை ரொம்பக் கறாரா சொல்லுச்சு. பைக்கும் மூட்டைக்கும் இது பொருந்தாது.

அப்புறம் மகஜர். எங்க, எப்போ, என்ன எடை, யார் சாட்சி, எந்த முத்திரை, எல்லாம் அந்த இடத்துலயே எழுதணும். எடை ஏன் இவ்வளவு முக்கியம்னா, கஞ்சாவுக்கு ரெண்டு கோடு இருக்கு. 1 கிலோ வரை 'சிறிய அளவு': ஒரு வருஷம் வரை ஜெயில், இல்ல 10,000 வரை அபராதம், இல்ல ரெண்டும். நடுவுல 10 வருஷம் வரை. 20 கிலோவுக்கு மேல 'வணிக அளவு': குறைஞ்சதே 10 வருஷம், அதிகபட்சம் 20. ஜாமீனும் சுலபத்துல கிடைக்காது. இதுல ஒரு நுணுக்கம். சட்டப்படி கஞ்சான்னா பூ, காய் உள்ள நுனிப்பகுதிதான். தனியா இருக்கிற இலையும் விதையும் கணக்குல வராது. ஆக 21 கிலோன்னு எழுதின மூட்டையில இலை எவ்வளவு, பூ எவ்வளவுன்னு வக்கீல் கேப்பார். தராசு முள் கொஞ்சம் நகர்ந்தா ஒருத்தரோட பத்து வருஷம் நகருது.

இங்கதான் எனக்கு நம்ம வேலை ஞாபகம் வந்துச்சு. புரொடக்‌ஷன்ல ஏதாவது உடைஞ்சா நாம முதல்ல லாகைத்தான் திறக்கிறோம். யார் எப்போ எதைத் தொட்டாங்க? கோர்ட்டும் அதையேதான் கேக்குது. பிடிச்ச இடத்துல இருந்து ஸ்டேஷன், ஸ்டேஷன்ல இருந்து மாஜிஸ்திரேட், அங்கிருந்து தடய அறிவியல் ஆய்வகம், கடைசியா மதுரை சிறப்பு நீதிமன்றம். ஒவ்வொரு கை மாறலுக்கும் தேதி, கையெழுத்து, முத்திரை. 52ஏ பிரிவுப்படி மாதிரி எடுக்கிறது மாஜிஸ்திரேட் முன்னாடி நடக்கணும். 2016ல மோகன்லால் வழக்குல சுப்ரீம் கோர்ட் இதை அழுத்திச் சொல்லுச்சு. 2025 ஜனவரியில இன்னொரு தீர்ப்பு: 52ஏ சரியா செய்யலைங்கிற ஒரே காரணத்துக்காக விடுதலை தானா வந்துடாது, மத்த ஆதாரத்தையும் பார்க்கணும்னு. ரெண்டையும் சேர்த்துத்தான் படிக்கணும்.

லாக் உடைஞ்சா என்ன ஆகும்னு சென்னையிலேயே உதாரணம் இருக்கு. 2020ல மெரினா பக்கம் ரெண்டு பேரை 22 கிலோ கஞ்சாவோட பிடிச்சாங்க. வழக்கு நடக்கும்போது கோர்ட்டுக்கு வந்தது கிராம் கணக்குல கொஞ்சம். மீதி எங்கன்னா, எலி தின்னுடுச்சுன்னு பதில். 2023 ஜூலையில ரெண்டு பேரும் விடுதலை. எல்லாரும் மீம் போட்டோம், நானும்தான். ஆனா யோசிச்சா, அவங்க குற்றவாளியா நிரபராதியான்னு இனி யாருக்குமே தெரியப் போறதில்ல.

வாக்குமூலம் வாங்கிட்டாப் போதும்னு ஒரு காலம் இருந்துச்சு. 2020 அக்டோபர் 29ல தோபான் சிங் வழக்குல அது முடிஞ்சுது. எதிர்த்தரப்பு தமிழ்நாடு அரசுதான். போதைப்பொருள் அதிகாரிகளும் போலீஸ் மாதிரிதான், அவங்ககிட்ட கொடுத்த ஒப்புதலை ஆதாரமா எடுக்க முடியாதுன்னு ரெண்டுக்கு ஒண்ணு பெரும்பான்மைத் தீர்ப்பு. அப்போ ஒரு லாரியில இருந்து அதை அனுப்பினவர் வரைக்கும் போகணும்னா போன் பதிவு, வங்கிக் கணக்கு, டோல்கேட் பதிவு, லோடு சீட்டுன்னு தேடணும். இதை ஒட்டன்சத்திரத்துலயோ அம்பிளிக்கையிலயோ ஒரு எஸ்ஐ மட்டும் தனியா பண்ண முடியாது. கெடு வேற ஓடுது: வணிக அளவு வழக்குல பொதுவா 180 நாள், மத்ததுல பெரும்பாலும் 60. அதுக்குள்ள குற்றப்பத்திரிகை இல்லைன்னா ஜாமீன் உரிமையா வந்துடும்.

பணத்தைத் தொடுறது இன்னொரு வேலை. 2022ல தென்மண்டல ஐஜியா இருந்த அஸ்ரா கர்க், கஞ்சா வழக்குல சிக்கினவங்களோட வங்கிக் கணக்கையும் சொத்தையும் முடக்குறதை ஒரு இயக்கமாவே நடத்தினார். திண்டுக்கல்லும் அந்த மண்டலம்தான். 68எஃப் பிரிவு. கேக்க சுலபம். ஆனா வங்கி, பத்திரப்பதிவு, வருவாய்த் துறைன்னு எல்லாரும் ஆவணம் கொடுக்கணும், 30 நாளுக்குள்ள தகுதிபெற்ற அதிகாரி அதை உறுதி செய்யணும், இல்லைன்னா முடக்கம் தானா செல்லாமப் போயிடும். எனக்கு இதுதான் உண்மையான வேட்டைன்னு தோணுது. பொட்டலம் விக்கிற பையனைப் பிடிச்சா அடுத்த வாரம் வேற பையன் வருவான். வீட்டுப் பத்திரம் முடங்கினா வலி வேற இடத்துக்குப் போகுது.

மாத்திரை பத்தி ஒரு வார்த்தை. டிரமடால் 2018ல போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வந்துடுச்சு. அதே மாதிரி தவறா பயன்படுத்துற டபென்டடால் அந்தப் பட்டியல்ல இல்ல, மருந்துச் சட்டம்தான். அதனால மருந்து ஆய்வாளர் இல்லாம போலீஸ் மட்டும் போனா வழக்கு நிக்கிறது கஷ்டம். பெட்டிக்கடையில குட்காவைப் பிடிக்க உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேணும். பொருள் மாறினா சட்டம் மாறுது, சட்டம் மாறினா துறை மாறுது.

இப்போ மாமாவோட கேள்விக்கு வரேன். இந்தச் சட்டத்துல ஒரு தலைகீழ் விஷயம் இருக்கு. சரக்கு உங்க வசம் இருந்துச்சுன்னு காட்டிட்டா, உங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சுன்னு கோர்ட் அனுமானிக்கும். 'எனக்குத் தெரியாது'ங்கிறதை நீங்கதான் நிரூபிக்கணும், அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாம. 35வது பிரிவு. வண்டிக்கும் அப்படித்தான்: ஓனருக்கோ டிரைவருக்கோ தெரியாது, தேவையான முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தாங்கன்னு காட்டலைன்னா பறிமுதல்.

வழக்கு முடியற வரைக்கும் வண்டி ஸ்டேஷன் வாசல்லயே துருப்பிடிக்கணுமா? அசாம்ல ஒருத்தரோட லாரியில ஏறின பயணி சோப்புப் பெட்டிக்குள்ள ஹெராயின் வச்சிருந்தார். ஓனர் மேலயும் டிரைவர் மேலயும் குற்றச்சாட்டு இல்ல, ஆனா கடன்ல வாங்கின வண்டி மாட்டிக்கிச்சு. 2025 ஜனவரியில சுப்ரீம் கோர்ட், வழக்கு நடக்கும்போதே இடைக்காலமா வண்டியை விடுவிக்க இந்தச் சட்டத்துல தடை இல்லைன்னு சொல்லிக் கொடுக்கச் சொல்லுச்சு. இதை மாமாகிட்ட சொன்னப்ப அவர் கேட்டது: "அது டெல்லி வரைக்கும் போனப்புறம்தான?" ஆமா. டெல்லி வரைக்கும் போனப்புறம்தான்.

அப்புறம் அவரே போனை எடுத்துக் காட்டினார். லோடு ஏத்தும்போது எடுத்த போட்டோக்கள். ஒவ்வொரு மூட்டையிலயும் மண்டியோட பேரும் நம்பரும் மார்க்கர்ல எழுதியிருக்கு, கூட லோடு சீட்டோட படம். இதை யாரும் சொல்லிக் கொடுக்கல. ஒரு தடவை எண்ணிக்கை குறைஞ்சதுன்னு பாலக்காட்டுல காசைப் பிடிச்சுக்கிட்டாங்களாம், அதுல இருந்து பழக்கம். "நடுவழியில யாராவது 'அண்ணே, இதைப் பொள்ளாச்சியில எறக்கிடுங்க'ன்னு ஒரு மூட்டை கொடுத்தா?"ன்னு கேட்டேன்.

"முன்னெல்லாம் இருநூறு ரூபாய்க்கு ஏத்திக்குவேன். இப்ப சொந்தக்காரனே கொடுத்தாலும் பிரிச்சுக் காட்டச் சொல்றேன். கோவிச்சுக்கிறாங்க."

தகவல் கொடுக்கணும்னா தேசிய உதவி எண் 1933. பேர் சொல்லாமலும் பேசலாம். போதைப் பழக்கத்துல இருந்து வெளிய வர சிகிச்சை கேட்கிறவங்களும் இதே நம்பர்ல பேசலாம். தானா முன்வந்து சிகிச்சை எடுக்கிறவங்களுக்கு, சில நிபந்தனைகளோட, வழக்குல இருந்து பாதுகாப்பு தர 64ஏ பிரிவு இருக்கு. அதைப் பத்தி ஒரு மனநல மருத்துவரோட தனியா ஒரு எபிசோடு பண்றோம். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. பார்க்கலாம் மக்களே.