இடுப்பு எலும்பு உடைந்தவருக்கு 'பிளாக்' ஊசி

குளியலறையின் ஈர டைல்ஸில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டார். எழ முடியவில்லை. ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அநேகமாக இடுப்பு எலும்பு உடைந்திருக்கிறது. 108-ல் ஏற்றும்போதும் எக்ஸ்ரே மேசைக்கு மாற்றும்போதும் அவருக்கு உயிர் போகிற வலி.

ஆபரேஷன் வரை பொறுத்துத்தான் ஆகவேண்டுமா? வேண்டாம். நரம்புத் தடுப்பு ஊசி (வலியைக் கடத்தும் நரம்பை மட்டும் மரத்துப்போக வைப்பது) என்று ஒன்று இருக்கிறது. மருத்துவமனையில் 'பிளாக்' என்பார்கள். மயிலாப்பூர்க்காரர் ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குப் போனாலும், தி.நகரிலோ அடையாறிலோ தனியாரிடம் போனாலும், அவசரப் பிரிவிலேயே கேளுங்கள்: "ஆபரேஷனுக்கு முன்னாடியே பிளாக் போட முடியுமா, டாக்டர்?"

முதுகில் போடுவதா? இல்லை. முதுகு ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் நம்மிடையே அதிகம். இது கவட்டைப் பக்கம், படுத்தபடியே போடுவது. மயக்க மருந்து டாக்டர் ஸ்கேன் திரையில் ஊசிமுனையைப் பார்த்துக்கொண்டே மருந்தைச் செலுத்துவார். அரை மணிக்குள் வலி அடங்கத் தொடங்கும். ஆபரேஷனுக்காக முதுகு ஊசி போடவேண்டி வந்தாலும், முதலில் பிளாக் போட்டிருந்தால் ஒருக்களித்துப் படுப்பது அவ்வளவு வேதனையாக இருக்காது.

இதில் பல வகை உண்டு. ஃபேசியா இலியாகா பிளாக் (கவட்டைத் தசையின் மெல்லிய உறைக்கு அடியில் மருந்தைப் பரப்புவது) பழையது. 2018-ல் கனடாவின் டொரான்டோ மருத்துவர்கள் விவரித்த 'பெங்' பிளாக், இடுப்பு மூட்டுக்கு வரும் சிறு நரம்புகளைக் குறிவைக்கிறது; தொடைத் தசை அதிகம் தளராது. இந்த ஊசிகளைக் கற்றுத்தருவதில் கோவை கங்கா மருத்துவமனைக்கு நாடெங்கும் பெயர் உண்டு.

வழக்கமான வலி மாத்திரை, வலி ஊசி போதாதா? டிரமடால், மார்ஃபின் போன்றவை வயதானவர்களுக்கு வாந்தி, மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் தரும். டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இரவில் பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் பிதற்றும் டெலீரியம் (திடீர் மனக்குழப்பம்) வருவதற்கு அடங்காத வலியும் ஒரு காரணம். 2020-ல் வந்த காக்ரேன் தொகுப்பு (மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் அறிக்கை) 49 ஆய்வுகளை ஆராய்ந்தது. பிளாக் போட்டவர்களுக்கு அசையும்போது வலி குறைந்தது, குழப்பமும் குறைந்தது. அவர்கள் எழுந்து நடக்கத் தொடங்குவதும் விரைவாகலாம் என்றது. எனக்கு இந்தக் கடைசி விஷயம்தான் பெரிது. படுத்தே கிடந்தால் சளி கட்டும், படுக்கைப்புண் வரும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா? குளோபிடோக்ரெல் போன்றவற்றால் முதுகு ஊசி தள்ளிப்போகலாம். தோலிலிருந்து அதிக ஆழமில்லாத பிளாக்கைப் பலருக்கும் போட முடியும், முடிவு டாக்டருடையது. மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துப்போங்கள். சர்க்கரை நோயால் பாதம் ஏற்கெனவே மரத்திருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிந்தபின் உங்கள் வேலை தொடங்குகிறது. ஒருமுறை போட்ட பிளாக் ஏறக்குறைய அரை நாள் தாங்கும். பெரும்பாலும் நள்ளிரவில் விட்டுப்போகும். வலி திரும்பியபின் நர்ஸைத் தேடி ஓடவேண்டியிருக்கும். அதனால் பாரசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுக்கச் சொல்லி மாலையிலேயே பேசிவையுங்கள். சிலருக்கு மெல்லிய குழாய் வைத்து இரண்டு மூன்று நாள் மருந்து விடுவார்கள்.

வலி இல்லையே என்று அவரைத் தனியாக எழுந்து நிற்க விடாதீர்கள். முழங்கால் மடங்கிவிடும். பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்க, வாக்கரைப் பிடித்தே நிற்கவேண்டும். மரத்த காலில் வெந்நீர்ப் பை வைத்து ஒத்தடம் கொடுக்கவே கூடாது. தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள்.

ஆபத்தே இல்லையா? நரம்புக்கு நிரந்தரப் பாதிப்பு மிக அபூர்வம். ஊசி போட்ட சற்று நேரத்தில் வாயைச் சுற்றி மரத்தாலோ, காதில் இரைச்சல் கேட்டாலோ, படபடத்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மருந்து ரத்தத்தில் அளவு மீறிக் கலந்திருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. ஒற்றை ஊசி போட்டு இரண்டு நாளாகியும் கால் மரத்தே இருந்தால், காலை ரவுண்ட்ஸுக்குக் காத்திருக்காமல் மயக்க மருந்து டாக்டரை வரச் சொல்லுங்கள்.