கழன்ற வாரும் ஒழுகும் நீரும்

மோட்டார் வண்டி ஓடுகையில் யந்திரத்தின் வார் கழலுதலும், குளிர்விக்கும் நீர் ஒழுகுதலும் ஒருங்கே நேருமாயின், அவற்றை இருவேறு பழுதுகளென நாம் துணிந்துவிடலாகாது. பல வண்டிகளில் நீர்ப்பம்பையும் மின்னாக்கியையும் சுழற்றுவது அவ்வொரு வாரே. அது கழன்றால் பாட்டரி விளக்கு எரியும். நீரோட்டம் நின்று வெப்பமானியின் முள் ஏறும். உடனே யந்திரத்தை நிறுத்துதல் வேண்டும். சூடாறுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறத்தலாகாது. அழுத்தத்தால் 100 பாகை செண்டிகிரேடுக்கு மேலும் கொதியாதிருந்த நீர், மூடி அகன்றதும் ஆவியாய்ச் சீறி மேனியைச் சுடும்.

ஆறியபின் நாம் முதலில் நோக்கற்பாலது பம்பே. அதன் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்தால் கப்பி ஆடும். ஆடவே வார் நெறி பிறழ்ந்து கழலும். அவ்வாட்டத்தால் அடைப்பும் சிதைந்து, பம்பிலுள்ள சிறு துளைவழியே நீர் கசியும். ஆகலின் கப்பியைக் கையாற் பற்றி அசைத்துப் பார்த்தல் வேண்டும். அஃது அசைந்து, துளையருகே நீர்க்கறையும் காணப்படின், இரண்டற்கும் மூலம் பம்பே. அசையாதாயின், வாரை இறுக்கும் கப்பியையும் ரப்பர்க் குழாய்களையும் ஆராய்தல் வேண்டும். கழன்ற வார் அறைந்து குழாய் கிழிதலும் உண்டு.

மூலங் காணாது புதுவார் மாட்டுவோமாயின், அதுவும் சின்னாளிற் கழலும். யந்திரத்தின் தலைப்பகுதியோ வெப்பத்தாற் கோணிப் பாழாகும்.