கைப்பேசிக்குள் ஒரு மீன்பிடித் துறை

நம் பங்குகளில் பெற்றோர் கூடிப் பேசுமிடத்தெல்லாம் தவறாது எழும் குறை ஒன்றுண்டு: "பிள்ளை எந்நேரமும் கைப்பேசியிலேயே கிடக்கிறான்." குறை நியாயமானதே. ஆயினும், அதற்குள் அவன் என்னதான் செய்கிறான் என்று கேட்டால், "ஏதோ விளையாட்டு" என்பதற்கு மேல் விடை சொல்லத்தக்க பெற்றோர் அரியர். நோய் இன்னதென்று அறியாது மருந்து கொடுப்பாரில்லை. எனவே, புதுவைக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள பிள்ளைச்சாவடியில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய நான், ஒன்பதாம் வகுப்பு பயிலும் என் பேரனிடமே மாணவனாக அமர்ந்து, அவன் ஆடும் விளையாட்டைச் சில வாரங்கள் ஆடிப் பார்த்தேன்.

விளையாட்டின் பெயர் ரூன்ஸ்கேப். இங்கிலாந்தில் ஆண்ட்ரு கோவர் என்ற இளைஞர் தம் சகோதரர் பாலின் துணையோடு உருவாக்கி 2001-இல் வெளியிட்டது. அதன் பழைய வடிவத்தையே விரும்பியவர்களுக்காக 2013-இல் அவ்வடிவம் தனியே மீண்டும் திறக்கப்பட்டு, 2018-இல் கைப்பேசிக்கும் வந்தது. என் பேரன் ஆடுவது இதனையே. உலகெங்கிலுமிருந்து பல்லாயிரவர் ஒரே நேரத்தில் ஒரு கற்பனை நாட்டுக்குள் நுழைகின்றனர். ஒவ்வொருவருக்கும் ஓர் உருவம், ஒரு பெயர். மரம் வெட்டலாம், சுரங்கம் தோண்டலாம், சமைக்கலாம், மீன் பிடிக்கலாம். வாளேந்திப் போரிடுவதும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. புதியவனுடைய போர் என்னவோ கோழிகளோடும் மாடுகளோடும்தான் தொடங்குகிறது.

நான் மீன்பிடித்தலைத் தேர்ந்துகொண்டேன். கடற்கரையூரில் பிறந்தவன் வேறெதைத் தேர்வான்! கையில் ஒரு சிறு வலை. கரையில் நின்று இறால் பிடிக்க வேண்டும். ஓர் இறாலுக்குப் பத்துப் புள்ளி. 83 புள்ளி சேர்ந்தால் இரண்டாம் படி. அதாவது ஒன்பதாவது இறால் வலையில் விழுந்ததும் வாணவேடிக்கையோடு, "நீ ஒரு படி உயர்ந்தாய்" என்று திரை வாழ்த்துகிறது. பிள்ளைகள் இப்படியை 'லெவல்' என்பர். இருபதாம் லெவலில் ஆற்று மீன் ஒன்றைத் தூண்டிலில் பிடிக்கலாம், முப்பத்தைந்தில் எறியீட்டி, நாற்பதில் சிங்கி இறாலைக் கூண்டு வைத்துப் பிடிக்கலாம். பையில் 28 பொருள் மட்டுமே கொள்ளும். நிறைந்தால் வைப்பகத்துக்கு நடந்து சென்று இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். சிங்கி இறால் கிடைக்கும் தீவுக்குப் போகப் படகுக் கூலி 30 காசு.

இனி, கணக்கைக் கவனியுங்கள். உச்சப் படி 99. அதற்கு வேண்டிய புள்ளிகள் 1,30,34,431. இதில் சரிபாதி எங்கே முடிகிறது தெரியுமா? ஐம்பதிலன்று, 92-இல். தொண்ணூற்றிரண்டு படி ஏறியவன், பாதி வழிதான் வந்திருக்கிறான். ஒரு சிங்கி இறாலுக்கு 90 புள்ளி. அவற்றை மட்டுமே பிடித்து உச்சிக்கு ஏற விரும்புகிறவன் ஏறத்தாழ 1,45,000 பிடித்தாக வேண்டும். முதற்படி சில நிமிடங்களில் கிட்டுகிறது. பிற்படிகள் வாரக்கணக்கில் விழுங்குகின்றன. தொடக்கத்தில் அள்ளிக் கொடுத்துப் பின்னர் கிள்ளிக் கொடுக்கும் இவ்வமைப்பே பிள்ளையை இருத்தி வைக்கும் கயிறு.

ஆனால் கயிற்றை மட்டும் பழிப்பது போதாதென்று எனக்குத் தோன்றியது. பேரனிடம் கேட்டேன்: "இதில் உனக்கு என்னடா இன்பம்?" சற்று யோசித்தவன், "தாத்தா, இதில் செய்தது எதுவும் வீண்போகாது" என்றான். கணிதத்தில் 38 மதிப்பெண்ணிலிருந்து 47-க்கு ஏறியபோது வீட்டில் அவனுக்குக் கிடைத்தது, "இன்னும் ஐம்பதைத் தொடவில்லையே" என்ற சொல். திரையோ ஒன்பது இறாலுக்கு வாணம் விடுகிறது. பெற்றோரே, இப்போட்டியில் நாம் தோற்பதில் வியப்பென்ன?

படி ஏறுதலில் பிள்ளை தனியன். வணிகத்தில்தான் அவன் பிறரைச் சந்திக்கிறான். அந்நாட்டில் பெருஞ்சந்தை ஒன்று 2007-இல் அமைக்கப்பட்டது. நம் பொருளையும் வேண்டும் விலையையும் எழுதிவைத்தால், அவ்விலைக்கு வாங்குவோர் எங்கிருந்து வந்தாலும் விற்பனை தானே முடியும். நான் பிடித்த இறாலைக் கொண்டுபோனேன், அற்ப விலை. புதிதாய் வருவோர் அனைவரும் இறாலே பிடிக்கின்றனர். முன்னேறியவர்க்கு அது வேண்டுவதில்லை. மாட்டுத் தோலுக்கோ நல்ல விலை இருந்தது. தோல்வினை பயில்வோர்க்கு அது கட்டுக்கட்டாய்த் தேவை. ஒரே நாளில் எல்லாப் படகும் மத்தியோடு கரையேறினால் ஏலத்தில் என்ன நேரும் என்பதை நம் மீனவர் அறிவர். அப்பாடத்தைப் பேரன் பாடநூலின்றிக் கற்றிருந்தான்.

சந்தைக்கு வெளியே இருவர் நேருக்கு நேர் நின்றும் பண்டம் மாற்றலாம். சோதனை அங்கேதான். கொடுப்பதாகக் காட்டிய உயர்ந்த பொருளைக் கடைசி நொடியில் எடுத்துவிட்டு, அதுபோலவே தோன்றும் மலிந்த பொருளை வைப்பார் உளர். இதனைத் தடுக்கவே, "இன்னது கொடுக்கிறாய், இன்னது பெறுகிறாய், சம்மதமா?" என்று இரண்டாம் திரை ஒன்று கேட்கிறது. அவசரக்காரப் பிள்ளைகள் அதைப் படியாமலே தட்டிவிடுகின்றனர். வேறு சிலர், "பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்று கூவி நிற்பர். நூறு கொடுத்தால் இருநூறாய்த் திருப்புவர். ஆயிரம் கொடுத்தால் இரண்டாயிரம். நம்பி இருப்பதனைத்தையும் கொடுத்தால் ஆளே மறைந்துபோவார். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியின் பேரால் மக்கள் பணம் போனது இதே வழியிலன்றோ! என் பேரன் ஓரிரவில் தன் சேமிப்பெல்லாம் இவ்வாறு இழந்து அழுதிருக்கிறான். வீட்டில் எவருக்கும் தெரியாது. பொய்க் காசுதான். அழுகை பொய்யன்று.

இங்கே ஒரு வரலாற்றைச் சொல்லாமற் போக முடியவில்லை. கற்பனைக் காசை உண்மைப் பணத்துக்கு விற்கும் கூட்டம் பெருகி, திருட்டுக் கடன் அட்டைகளும் அதில் புகுந்ததால், 2007 டிசம்பரில் விளையாட்டை நடத்துவோர் தடையற்ற பண்டமாற்றையே நிறுத்தினர். பெறுவதும் கொடுப்பதும் ஏறத்தாழச் சம மதிப்பாயிருக்க வேண்டுமென்று விதித்தனர். மோசடி குறைந்தது, கூடவே கொடையும் செத்தது. புதிய நண்பனுக்கு ஒரு வாளைச் சும்மா கொடுக்க வழியில்லை. ஆடுவோர் பலர் மனம் வெறுத்து விலகினர். முடிவில் வாக்கெடுப்பு நடத்தி, 2011 பிப்ரவரியில் பழைய உரிமையைத் திருப்பித் தந்தனர். ஏமாற்றப்படும் இடர் இருப்பினும், கொடுக்கும் உரிமை வேண்டுமென்று பெரும்பான்மையோர் கேட்டிருக்கின்றனர். இதை வாசித்தபோது இளைஞர்மீது எனக்கிருந்த எண்ணம் சற்று மாறியது.

உண்மைப் பணம் நுழையுமிடத்தில் மட்டும் தயக்கம் வேண்டாம். வெனிசுவேலா நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது, அந்நாட்டவர் பலர் இவ்விளையாட்டில் பகலிரவாய்க் காசு சேர்த்து வெளிநாட்டவர்க்கு விற்று உணவு வாங்கினர். அவர்களைக் குறைகூற எனக்கு வாய் எழவில்லை; ஆனால் வாங்குவதும் விற்பதும் விளையாட்டின் விதிக்கு மாறு, பிடிபட்டால் கணக்கு பறிபோகும். இதுவும், பணம் கட்டிப் பணம் பெறும் ரம்மி முதலியனவும் வேறு வேறு. பின்னவற்றைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நடுவண் அரசு சட்டம் இயற்றியது. பிள்ளை எதை ஆடுகிறான் என்று கேட்கும்போதே, அதில் பணம் கட்டுகிறானா, தந்தையின் வங்கிக் கணக்கு அக்கைப்பேசியோடு இணைந்துள்ளதா, அந்நியர் எவரோடேனும் உரையாடுகிறானா என்பவற்றையும் கேட்டாக வேண்டும்.

நேரத்தின் அளவென்ன? 2025 செப்டம்பர் 7-இல் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குத்திஸ், தமக்கு வாரம் ஒரு மணி நேரம் மட்டுமே விளையாட்டுக்கென வகுத்துக்கொண்டவர் என்பர். அவரும் கணினியை நேசித்த இளைஞரே. அதைச் சொன்னதும் என் பேரன், "வாரத்துக்கா, நாளுக்கா?" என்று இருமுறை கேட்டான். பேரம் பேசி, குடும்ப செபமும் பாடமும் முடிந்தபின் நாளுக்கு முக்கால் மணி என்று முடிவாயிற்று. ஞாயிறன்று திருப்பலிக்குப் பிறகு மட்டும் ஒரு மணி. பரிசாக நான் கேட்டது ஒன்றே: அன்று யாரோடு என்ன மாற்றினாய் என்பதை இரவுணவின்போது சொல்ல வேண்டும். இப்போது அவன் அன்னையும் அக்கதையைக் கேட்கக் காத்திருக்கிறாள். சென்ற வாரம் ஒரு புதியவனுக்கு 28 சிங்கி இறாலைக் கைம்மாறின்றிக் கொடுத்தானாம். "ஏனடா?" என்றதற்கு, "அவன் இன்னும் இறால் பிடித்துக்கொண்டிருந்தான், தாத்தா" என்றான். மீன்பிடித்தலில் அவன் லெவல் 71, என்னுடையது 43.