பச்சிளங் குழந்தையின் இரவுத் தூக்கம்

தாயகத்தில் ஒரு குழந்தை பிறந்தால் அம்மம்மாவும் பெரியம்மாவும் மாமியும் முறைவைத்துத் தூக்குவர். புலம்பெயர்ந்த நாட்டிலோ தாயும் தந்தையும் மட்டுமே இரவெல்லாம் விழித்திருக்கின்றனர். விடிந்ததும் ஒருவர் வேலைக்குச் செல்ல வேண்டும். “பிள்ளைக்கு ஏதேனும் குறையோ?” என்னும் ஐயம் அவ்வேளையில் எழுவது இயல்பே. பெரும்பாலும் குறை எதுவும் இருப்பதில்லை.

பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் வரை உறங்குகிறது. ஆயின் அதனைத் துண்டு துண்டாகவே உறங்குகிறது. இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அதன் இரைப்பை மிகச் சிறியது. இரண்டு மூன்று மணிக்கொரு தடவை பால் வேண்டும். இரண்டாவது, பகலையும் இரவையும் பிரித்தறியும் மூளைக் கடிகாரம் இன்னும் முதிரவில்லை. உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்னும் சுரப்பு ஒழுங்குபெற ஏறத்தாழ மூன்று மாதங்கள் செல்லும்.

குழந்தையின் உறக்கத்தில் ஏறக்குறைய பாதி, கனவுறக்கம் போன்ற மேலோட்டமான உறக்கமாகும். அப்போது அது சிரிக்கும், முகஞ்சுளிக்கும், முனகும். இதனையே நம் மூத்தோர் “நரி வெருட்டுகிறது” என்பர். முனகியவுடன் தூக்காது சற்றுப் பொறுத்திருந்தால், பல வேளைகளில் குழந்தை தானே மீண்டும் உறங்கிவிடும்.

இக்கடிகாரத்தை அவசரப்படுத்த இயலாது, ஆயினும் துணைபுரியலாம். பகலில் திரைச்சீலைகளைத் திறந்து வெளிச்சம் படச் செய்து, பேசி விளையாடுங்கள். இரவில் மங்கிய ஒளியில், மெல்லிய குரலில், விளையாட்டின்றிப் பாலூட்டுங்கள். தூக்கம் வரவேண்டுமென்று புட்டிப்பாலில் மாவைக் கரைத்துக் கொடுத்தல் ஆகாது.

உறங்கவைக்கும் முறையில் மட்டும் பழக்கத்தை விட அறிவியலையே நாம் பின்பற்றல் வேண்டும். குழந்தையை எப்போதும் மல்லாத்தியே படுக்கவிடுங்கள். பிரித்தானியாவில் 1991 இலும் அமெரிக்காவில் 1994 இலும் இவ்வறிவுரை பரப்பப்பட்டதன் பின், உறக்கத்தில் நிகழும் திடீர் மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. தலை உருண்டையாக வேண்டுமென்று தலையணை வைத்தல் தகாது. பெற்றோரின் அறையிலேயே, தனிக் கட்டிலில், சமமான உறுதியான மெத்தை போதும். குளிருக்கு அஞ்சி அளவுக்கு மீறிப் போர்த்தலும், வீட்டினுள் தொப்பி அணிவித்து உறங்கவைத்தலும் தீங்கானவை. ஏணை விழித்திருந்து பார்ப்போர் அருகில் இருக்கும்போது ஆட்டுவதற்குரியது. இரவு முழுதும் உறங்குவதற்கு உரியதன்று.

பெற்றோரின் களைப்பும் சிறிய விடயமன்று. சோபாவில் குழந்தையை அணைத்தவாறே உறங்கிவிடுதல் பேராபத்து. அழுகை ஓயாது பொறுமை எல்லை மீறுமாயின், குழந்தையைக் கட்டிலில் கிடத்திவிட்டுச் சில நிமிடங்கள் அப்பாற் செல்லுங்கள், ஒருபோதும் குலுக்காதீர்கள். தாயின் மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் கூறுவதில் வெட்கமில்லை.

மாணவச் செல்வங்களே! ‘தால்’ என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு எனப் பெயர் பெற்றது என்பர். பிள்ளைத்தமிழின் மூன்றாம் பருவமும் தாலப்பருவமே. நாள்தோறும் ஒரே வேளையில் ஒரே பாட்டைக் கேட்கும் குழந்தை, நாளடைவில் அதனை உறக்கத்தின் அறிகுறியாக உணர்ந்துகொள்கிறது. ஆகவே ஒரு தாலாட்டையேனும் கற்று, உங்கள் தம்பி தங்கையருக்குப் பாடுங்கள். அம்மாவுக்குச் சிறிது ஓய்வு கிட்டும். குழந்தையின் செவியில் தமிழும் சேரும்.