தாகேதாவில் ஒரு திங்கட்கிழமை, ஒன்றுக்கு பூஜ்யம்

பதிவு போட்டு மூணு மாசமாச்சு. தீசிஸ் என்ற பெயரில் என் கைடு என்னைப் பிழிந்து காயப்போட்டிருப்பதால் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. முதுகலை படிக்கிறவன் சோகமெல்லாம் உங்களுக்குப் புதுசா என்ன :-)

இது கால்பந்து பதிவு. கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவர்கள் ஓடிவிட வேண்டாம். ஒரு விதியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அது புரிய ஆஃப்சைடு தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

முதலில் ஒரு சின்ன முன்கதை. எங்க ஊர் வியாசர்பாடி. வட சென்னையில் கால்பந்து என்றால் முதலில் வரும் பெயர் எங்களுடையதுதான், குட்டி பிரேசில்னே சொல்லுவாங்க. பக்கத்தில் பி.வி. காலனி இருக்கிறது. அந்த பி.வி.க்கு விரிவு பர்மா வியட்நாம். 1960களில் பர்மாவில் கடை கண்ணி எல்லாம் அரசுடைமை ஆனபோது கப்பல் ஏறி வந்து இறங்கியவர்களில் என் தாத்தாவும் ஒருவர். அவருடைய தம்பி மட்டும் "நான் வரலை, என்ன ஆனாலும் இங்கேயே கிடக்கேன்" என்று ரங்கூனிலேயே தங்கிவிட்டார். அந்தத் தம்பியின் குடும்பம் இன்னைக்கும் யாங்கோனில் தாகேதாவில் இருக்கிறது. பசுந்தாங் ஓடையைத் தாண்டினால் வரும் பகுதி. 1950களின் கடைசியில், நகரத்துக்குள் குடிசை போட்டிருந்தவர்களை ஒக்கலாப்பாவுக்கும் தாகேதாவுக்கும் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். அப்ப அது வெறும் வயல்வெளியாம். தண்ணி கிடையாது, ரோடு கிடையாது. கண்ணகி நகருக்குப் போனவங்க கதையைக் கேட்டவர்களுக்கு இது புதுசில்லை.

நான் படிக்கிறது பாங்காக்கில். தாகேதா சித்தப்பாவின் மகன், எனக்குத் தம்பி முறை, இப்போது பாங்காக் பக்கம் மஹாச்சாயில் மீன் பதப்படுத்துகிற இடத்தில் வேலை பார்க்கிறான். 2024 பிப்ரவரியில் மியான்மரில் கட்டாய ராணுவச் சேவை அறிவித்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது வரை. அவனுக்கு அப்போது 21. மீதியை நீங்களே ஊகிச்சுக்கலாம். பெயரெல்லாம் வேண்டாம், தம்பின்னே வச்சுக்குவோம்.

2024 டிசம்பரில் எனக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தது. யாங்கோன் போய் சித்தப்பாவைப் பார்த்துட்டு வரலாம்னு தம்பியிடம் சொன்னேன். பெத்தவங்களுக்கு ஏதாவது கொடுத்து விடுவான்னு பார்த்தா, ஒரே ஒரு வேலைதான் கொடுத்தான். "அண்ணே, 9ஆம் தேதி துவுன்னால நமக்கும் இந்தோனேசியாவுக்கும் மேட்ச். அப்பாவை எப்படியாவது பார்க்க வை. 2013க்கு அப்புறம் அவர் இந்த டீம் ஆடி ஒரு மேட்ச் பார்த்தது கிடையாது."

ஆசியான் கோப்பையின் குரூப் ஆட்டம். துவுன்னா ஸ்டேடியம் இருப்பது திங்கன்ஜுனில், தாகேதாவுக்குப் பக்கத்து டவுன்ஷிப்தான். ஒரு மனுஷன் அந்தப் பக்கம் 11 வருஷமா தலை வச்சுப் படுக்கலைன்னா என்ன நடந்திருக்கும்?

நடந்தது இதுதான்.

2013இல் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளை மியான்மர் நடத்தியது. 1969க்குப் பிறகு, அதாவது 44 வருஷம் கழித்து. நாடு அப்போதுதான் கதவைத் திறந்திருந்த நேரம். இன்னும் கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரே நம்பிய நேரமும் அதுதான். ஆண்கள் கால்பந்தில் (23 வயதுக்கு உட்பட்டோர்) மியான்மர் இருந்த குரூப்பில் தாய்லாந்து, இந்தோனேசியா, கம்போடியா, கிழக்கு திமோர். மேலே இருக்கும் இரண்டு அணிகளுக்கு அரையிறுதி.

முதல் மூணு ஆட்டத்தில் மியான்மருக்கு ரெண்டு வெற்றி, தாய்லாந்தோடு ஒரு டிரா. மொத்தம் 7 புள்ளி. இந்தோனேசியா கதை வேற. கம்போடியாவை 1-0ன்னு தட்டுத்தடுமாறி ஜெயிச்சாங்க, தாய்லாந்திடம் 1-4 என்று உதை வாங்கினாங்க, கிழக்கு திமோரோடு 0-0. மொத்தம் 4 புள்ளி. கடைசி ஆட்டம் டிசம்பர் 16, திங்கட்கிழமை, துவுன்னாவில், இந்த ரெண்டு பேருக்கும். மியான்மருக்கு ஒரு டிரா போதும்.

சித்தப்பா தம்பியைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பயலுக்கு அப்போ வயசு 11. கன்னத்தில் தனாக்கா பூசி, நெற்றியில் கொடி கட்டி.

இந்தோனேசியா ஒரு கோல் போட்டது. மியான்மர் முட்டி மோதியும் திருப்பிப் போட முடியவில்லை. 0-1.

இப்பதான் விஷயமே. ரெண்டு அணிக்கும் 7 புள்ளி. இந்தோனேசியா அடித்தது மொத்தம் 3 கோல், வாங்கியது 4. மைனஸ் ஒண்ணு. மியான்மர் பிளஸ்ஸில், நல்லா மேலே இருந்தது. உலகக்கோப்பை பார்த்துப் பழகினவன் என்ன நினைப்பான்? கோல் வித்தியாசத்தில் நாமதான் உள்ளே என்று நினைப்பான். சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்தார். "தோத்தாலும் பரவாயில்லடா, செமிக்குப் போயிட்டோம்"னு பையனைத் தோளில் தூக்கிக்கொண்டாராம். அவரைச் சுற்றி நின்றவர்களும் அதே நினைப்பில்தான் இருந்திருக்கிறார்கள்.

ஆனா அந்தப் போட்டியின் விதி வேற. புள்ளி சமமானா முதலில் பார்ப்பது அந்த ரெண்டு அணியும் நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தின் முடிவு. மத்தவனை எத்தனை கோல் போட்டு வெளுத்தாய் என்பதெல்லாம் அப்புறம். நேருக்கு நேரில் இந்தோனேசியா ஜெயிச்சாச்சு. மியான்மர் வெளியே.

தகவல் கூட்டத்துக்குள் மெதுவாகப் பரவியிருக்கிறது. தோளில் உட்கார்ந்திருந்த பையன், "அப்பா, ஏன் அவங்க டான்ஸ் ஆடுறாங்க, நம்மாளுங்க ஏன் அழுறாங்க?" என்று கேட்டிருக்கிறான். அதற்கப்புறம் ஸ்டேடியத்தில் கல் பறந்தது, நெருப்பு எரிந்தது, போட்டிக்காக வைத்த பலகைகள் உடைந்தன. செய்திகளில் எல்லாம் வந்தது. தென்கொரியப் பயிற்சியாளர் பார்க் சுங்-ஹ்வாவின் வேலையும் அதோடு போச்சு. சித்தப்பா பையனைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் ஓடியபோது ஒரு செருப்பு போச்சு. ஒற்றைச் செருப்போடு பாலம் வரைக்கும் நடந்து வந்திருக்கிறார்.

"தோத்ததுக்குக் கோவம் இல்லப்பா. பையன்கிட்ட ஜெயிச்சிட்டோம்னு சொல்லிட்டேன். பத்து நிமிஷம் கழிச்சு இல்லைன்னு சொல்ல வேண்டியிருந்துச்சு. அதுதான்." இது அவர் என்னிடம் சொன்னது.

இந்த விதி மியான்மருக்காக யாரோ செய்த சதி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பியக் கோப்பையிலும் நேருக்கு நேர்தான் முதலில். 2004இல் இத்தாலி ஒரு ஆட்டம்கூட தோற்காமல் குரூப்போடு மூட்டை கட்டியது. ஸ்வீடன், டென்மார்க், இத்தாலி மூணு பேருக்கும் 5 புள்ளி, ஸ்வீடனும் டென்மார்க்கும் கடைசி ஆட்டத்தில் 2-2, கணக்குப் போட்டதில் இத்தாலி அவுட். உலகக்கோப்பையில் 2022 கத்தார் வரைக்கும் கோல் வித்தியாசத்தைத்தான் முதலில் பார்த்தார்கள். 2018இல் அதுவும் சமம், நேருக்கு நேரும் சமம் என்று ஆகி, மஞ்சள் அட்டை குறைவாக வாங்கிய ஜப்பான் உள்ளே போனது, செனகல் வெளியே. எந்த விதியாக இருந்தாலும் எவனோ ஒருத்தன் அழத்தான் போகிறான். ஆட்டத்துக்கு முன்னாடியே விதி தெரிஞ்சிருந்தா அழுகை கொஞ்சம் மரியாதையா இருக்கும், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நல்லதும் நடக்காமல் இல்லை. 2015இல் மியான்மரின் இளைஞர் அணி நியூசிலாந்தில் நடந்த 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக்கோப்பைக்கே போனது. முதல் ஆட்டத்தில் அமெரிக்காவுக்கு எதிராக முதல் கோல் அடித்ததும் இவர்கள்தான்! (அப்புறம் 1-2, 0-6, 1-5 என்று மூணும் தோல்வி, அதை விடுங்க.) 2016 நவம்பர் 26 அன்று இதே துவுன்னாவில் ஆசியான் கோப்பை குரூப்பின் கடைசி ஆட்டம். மலேசியாவை 1-0 என்று ஜெயித்து, 2004க்குப் பிறகு முதல்முறையாக அரையிறுதி. தம்பி நண்பர்களோடு போய்க் கத்திவிட்டு, தொண்டை கட்டி வீட்டுக்கு வந்திருக்கிறான். சித்தப்பா வீட்டில் ரேடியோகூட போடவில்லை.

2021க்குப் பிறகு விஷயம் இன்னும் சிக்கல். ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் அந்த டீமுக்குக் கை தட்டலாமா கூடாதா என்பதே ஒரு கேள்வி. அந்த வருஷம் மே மாதம் ஜப்பானில் நடந்த தகுதிச்சுற்று ஆட்டத்தில் மியான்மர் 0-10 என்று தோற்றது. ஆனா ஊர் பேசியது ஸ்கோரைப் பற்றி இல்லை, கேமரா முன்னாடி மூன்று விரல் உயர்த்திய மாற்று கோல்கீப்பரைப் பற்றித்தான். அவர் ஊர் திரும்பவில்லை, ஜப்பானிலேயே அகதியாகத் தங்கிவிட்டார்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் நான் மேட்ச் பார்க்க வைக்கணும். தம்பி கொடுத்த வேலை எப்பேர்ப்பட்டது என்று பாருங்க.

முதல் ரெண்டு நாள் நான் வாயே திறக்கலை. காலையில் மொஹிங்கா, சாயங்காலம் டீக்கடை. எங்க ஊர் அத்தோ கடையைப் பற்றிச் சொன்னேன், சித்தி சிரித்தார். மூணாம் நாள் தாத்தாவை வைத்து ஆரம்பித்தேன்.

பர்மா ஒரு காலத்தில் ஆசியாவில் கால்பந்து ராஜா. ஆசிய விளையாட்டில் 1966இல் தங்கம், 1970இல் தென்கொரியாவோடு பகிர்ந்துகொண்ட தங்கம், 1972இல் மியூனிக் ஒலிம்பிக். அந்த 1970 பாங்காக் அரையிறுதியில் எதிரே நின்றது யார் தெரியுமா? இந்தியா. பர்மா 2-0. அப்புறம் ஜப்பானை ஜெயித்து இந்தியா வெண்கலம் வாங்கியது.

தாத்தா அப்போது வியாசர்பாடியில். கப்பலில் இருந்து இறங்கிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. யாரோ வீட்டு வாசலில் நின்று ரேடியோவில் செய்தி கேட்டாராம். சின்ன வயதில் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், "அன்னைக்கு நீங்க யாருக்கு தாத்தா சப்போர்ட்?" ஒரு தடவைகூட பதில் சொன்னதில்லை. "நல்ல மேட்ச்" என்பார். பார்க்கவே இல்லாத மேட்ச்!

இதைச் சொன்னதும் சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கப்பாவும் அந்த மேட்சைப் பத்தி ஒண்ணும் சொன்னதில்லப்பா" என்றார். அண்ணன் அங்கே, தம்பி இங்கே. ரெண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

9ஆம் தேதி. அதுவும் திங்கட்கிழமை. ஸ்டேடியத்துக்கு வரமாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். சரி, டீக்கடை. அங்கே ஸ்டேடியத்தில் ஃபிளட் லைட், இங்கே எங்க தெருவில் கரண்ட் இல்லை. கடைக்காரர் பேட்டரியில் டிவியை ஓட்டினார். இருந்தவர்களில் முக்கால்வாசி என் சித்தப்பா வயசுக்காரர்கள். பையன்கள் ரெண்டோ மூணோ. மத்தவங்கெல்லாம் எங்கேன்னு யாரும் கேட்கலை.

நான் மஹாச்சாய்க்கு வீடியோ கால் போட்டு போனை டீ கிளாஸில் சாய்த்து வைத்தேன். அந்தப் பக்கம் தம்பி ஷிப்ட் முடிந்து ரப்பர் பூட்ஸ்கூட கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். நெட் விட்டு விட்டு வந்தது. படம் உறைந்துபோகும்போதெல்லாம் சித்தப்பா வர்ணனை செய்ய ஆரம்பித்தார். முதலில் முணுமுணுப்பு. அரைமணி நேரத்தில், பர்மியும் தமிழும் கலந்து, தேசிய ஒளிபரப்பு ரேஞ்சுக்குப் போய்விட்டார். "லெஃப்ட்ல போறான், லெஃப்ட்ல போறான்... ஏய் குடுடா... போச்சு!"

இந்தோனேசியா அனுப்பியிருந்தது பெரும்பாலும் சின்னப் பையன்கள் அணி. ஜெயிக்க வேண்டிய ஆட்டம். இரண்டாம் பாதியில் ஒரு கோல் விழுந்தது, அதுவும் சேம் சைடு கோல். 0-1.

அதே எதிரணி, அதே மைதானம், அதே கிழமை, அதே ஸ்கோர். கடையில் யாரும் எதையும் உடைக்கவில்லை. கடைக்காரர் பேட்டரியை மிச்சம் பிடிக்க டிவியை அணைத்தார்.

போனில் தம்பி கேட்டான். "அப்பா, இப்போ நாம வெளியா உள்ளயா?"

சித்தப்பா உடனே பதில் சொல்லவில்லை. என் நோட்டை வாங்கினார், பேனாவை வாங்கினார். குரூப்பில் இருந்த வியட்நாம், பிலிப்பைன்ஸ், லாவோஸ், இந்தோனேசியா எல்லாத்தையும் வரிசையா எழுதிக் கட்டம் போட்டார். "இந்தத் தடவை ரூல் என்னன்னு முதல்ல பார்த்துச் சொல்லுப்பா" என்று என்னிடம் சொன்னார். பிறகு போனைப் பார்த்து, "இன்னும் மூணு மேட்ச் இருக்குடா. இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. தெரிஞ்சதும் சொல்றேன்" என்றார்.

அடுத்து நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பிலிப்பைன்ஸோடு 1-1, லாவோஸை 3-2, கடைசியில் வியட்நாமிடம் 0-5. இந்தோனேசியாவுக்கும் மியான்மருக்கும் மறுபடியும் சம புள்ளி, ஆளுக்கு 4. நேருக்கு நேர் பார்த்தாலும் கோல் வித்தியாசம் பார்த்தாலும் இந்தோனேசியாதான் மேலே. ஆனா ரெண்டு பேரும் வெளியே. வியட்நாமும் பிலிப்பைன்ஸும் உள்ளே.

அந்த மூணு ஆட்டத்தையும் சித்தப்பா அதே கடையில் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் மஹாச்சாய்க்குப் போன் போட்டிருக்கிறார். வியட்நாம் அஞ்சாவது கோல் போட்டதும், "தெரிஞ்சிருச்சுடா, வெளிய" என்று சொன்னாராம். தம்பி எனக்கு அனுப்பிய மெசேஜில் அது மட்டும்தான் இருந்தது, கூட ஒரு சிரிப்பு.

அந்த நோட்டுத்தாள் என்னிடம்தான் இருக்கிறது. தீசிஸ் குறிப்புகளுக்கு நடுவில், சித்தப்பா கையெழுத்தில், பர்மிய எண்களில் ஒரு புள்ளிப் பட்டியல். கைடு பார்த்துவிட்டு இது எந்த சாப்டருக்கான டேபிள் என்று கேட்டார். பின்னிணைப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன் :-)

டிஸ்கி: 1970இல் உங்க வீட்டுத் தாத்தாக்கள் யாராவது பர்மாவில் இருந்து வந்திருந்தால், அந்த அரையிறுதியில் யார் பக்கம் இருந்தார்கள் என்று கேட்டுச் சொல்லுங்க. எங்க வீட்டில் கேட்க ஆள் இல்லை.