தண்ணீர் குடித்த பலகை

சென்ற மாதம் சசூன் டாக் பக்கம் போயிருந்தேன். கரையேற்றிய மரப்படகு ஒன்றின் பலகை இடுக்குகளில், முதியவர் ஒருவர் பஞ்சுத் திரியை உளியால் அடித்துச் செருகிக்கொண்டிருந்தார். தமிழில் இதைக் கலப்பத்து என்பர். “இவ்வளவு இடைவெளி இருக்கிறதே, ஒழுகாதா?” என்று அரைகுறை மராத்தியில் கேட்டேன். “பலகை தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்” என்றார்.

அவர் சொன்னது விஞ்ஞானம். ஈரத்தை உறிஞ்சும் மரம் நெடுக்கில் அநேகமாக நீளாது, குறுக்கில்தான் பருக்கும். ஆகவே கடலில் இறங்கியதும் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கிப் பஞ்சை இறுக்குகின்றன. உள்ளே புக வரும் தண்ணீரே வழியை அடைத்துவிடுகிறது! நெடுநாள் காய்ந்த படகு ஒழுகுவதும் இதனால்தான்.

இப்படிக் கட்டிய மரக்கலம் எத்தனை காலம் வாழும்? விடை, நாம் படிக்க வந்திருக்கும் இந்த மும்பையிலேயே இருக்கிறது. 1817-இல் ஜாம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியா என்ற பார்சிக் கப்பல் தச்சரின் மேற்பார்வையில், மலபார்த் தேக்கால், பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பல் இங்கே கட்டப்பட்டது. அதற்கு இட்ட பெயர் ‘டிரிங்கோமலி’. அதாவது நம் திருகோணமலை. நெடும்போர்களால் பிரிட்டனில் ஓக் மரம் அருகியிருந்த காலம் அது. ஓக்கிலுள்ள அமிலம் இரும்பு ஆணிகளை அரிக்கும்; தேக்கில் அந்தத் தொல்லை குறைவு. தேக்கின் எண்ணெய்ப் பசை மரம் உளுத்துப்போகாமலும் காக்கிறது.

1897-இல் அக்கப்பல் உடைப்பதற்கே விற்கப்பட்டது. ஆனால் ஒருவர் அதை மீட்டார். பின்னர் 1986 வரை இளைஞர்களின் பயிற்சிக் கப்பலாக உழைத்தது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் நடந்த செப்பனிடும் பணி 2001-இல் முடிந்தது. அதைவிட மூத்த ‘விக்டரி’ 1922 முதல் உலர்துறையில் நிற்க, நம் தேக்குக் கப்பல் இன்றும் நீரில் மிதக்கிறது.

இரும்பும் கண்ணாடியிழையும் வந்த பின்னும் மக்கள் மரக்கலத்தை விரும்புவானேன்? அழகு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கெட்ட பலகையை மட்டும் கழற்றி வேறொன்று பொருத்தலாம். கப்பல் தொடர்ந்து வாழும். ஆனால் பொருத்தத் தெரிந்த கைகள் வேண்டும். தேக்கு மட்டுமா அதற்கு இருநூறு ஆண்டு ஆயுள் தந்தது? தலைமுறை தோறும் யாரோ சிலர் உளி பிடிக்கக் கற்றார்களே, அவர்களும் தந்தார்கள்.

சசூன் டாக் முதியவரின் அருகில் நின்று கற்க அன்று ஒருவரையும் காணவில்லை. நண்பர்களே, நம் சங்கத்தின் அடுத்த உலாவில் ஒரு காலைப்பொழுதை அங்கே கழிப்போம். அந்த உளியின் ஓசை அடங்குமுன் கேட்டுவிட வேண்டும்.