நொய்யல் வழியே – 8
கடனா, மானியமா?

போன வாரம் நொய்யல் ஆற்றில் கலக்கும் கழிவின் கணக்கைப் பார்த்தோம். இந்த வாரம், அதைத் தடுக்க வந்த பணத்தின் கணக்கு.

போத்தனூரைச் சுற்றியுள்ள குறிச்சி நகராட்சி 2011-ல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. வரி மாநகராட்சி வரியானது. வீட்டுச் சாக்கடை மட்டும் பழையபடி பள்ளம் பார்த்தே ஓடியது, பள்ளம் நொய்யலில் போய் விழுந்தது. குறிச்சி, குனியமுத்தூர் பகுதிகளின் பாதாளச் சாக்கடைத் திட்டம் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனோடு வந்தது. தமிழ்நாட்டின் பத்து நகரங்களில் குடிநீர், கழிவுநீர், வடிகால் வேலைகளுக்காக 50 கோடி டாலர் கடனுக்கு அந்த வங்கி 2018-ல் ஒப்புதல் தந்தது. கோவை, திருப்பூர் இரண்டும் அந்தப் பத்தில் உண்டு.

அதற்கு முந்தைய பணம் நேரு பெயரிலான நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் வந்தது. கோவை அளவுள்ள நகரங்களுக்கு நூற்றுக்கு ஐம்பது மத்திய அரசின் மானியம், இருபது மாநில அரசுடையது, மீதி முப்பதை நகரமே புரட்டிக்கொள்ள வேண்டும். நாளொன்றுக்கு 4 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டிய நஞ்சுண்டாபுரம் நிலையம் அந்தத் திட்டத்தைச் சேர்ந்தது. மக்கள் எதிர்த்தார்கள், வேலை வருடக்கணக்கில் இழுத்தது. அவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. வெள்ளலூர் குப்பைக் கிடங்கின் நாற்றத்தை ஏற்கெனவே சுமக்கும் வட்டாரத்துக்கு இன்னொரு கழிவு நிலையம் வருகிறது என்றால் யாருக்குத்தான் பயம் வராது? டெல்லியில் பணம் ஒதுக்கியாயிற்று. பக்கத்து வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து பேசத்தான் ஆளில்லை.

பிறகு ஸ்மார்ட் சிட்டி. 2016 ஜனவரியில் வெளியான முதல் இருபது நகரங்களில் கோவையும் ஒன்று. நகருக்கு 500 கோடி ரூபாய் மத்திய மானியம், அதற்கு ஈடாக மாநிலப் பங்கு. அந்தப் பணத்தில்தான் குறிச்சிக் குளத்துக்கு நடைபாதையும் விளக்கும் வந்தன. மாலையில் குழந்தைகளோடு கரையில் நடப்பவர்களின் சந்தோஷம் நிஜம், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் குளத்தின் கரைக்குச் செலவழித்த அக்கறை, குளத்துக்குள் வந்து விழும் நீரின்மேலும் இருந்திருக்க வேண்டும். மானியப் பணம் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கே ஓடுகிறது. மண்ணுக்கடியில் போகும் குழாய்க்கு அதே வேகம் வருவதில்லை.

கடனும் மானியமும் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்கு இந்தியாவிலேயே பெரிய பாடம் இதே ஆற்றில், திருப்பூரில் இருக்கிறது. 1992-ல் சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையம் அணையைப் பொதுப்பணத்தில் கட்டினார்கள், பாசனத்துக்காக. அதில் வந்து தேங்கியது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. கீழே இருந்த ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று கெடு வைத்தது. அதுவரை வெளியேறும் கழிவுக்கு லிட்டருக்கு 6 காசில் தொடங்கி 10 காசு வரை அபராதம் போட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. அப்போதும் ஆறு மாறவில்லை. 2011 ஜனவரி 28-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பல்லாயிரம் பேருக்கு அன்றைக்கு வேலை நின்றது.

பணம் அதற்கு முன்பே வரத் தொடங்கியிருந்தது. 2010-11 மத்திய பட்ஜெட்டில் திருப்பூரின் கழிவற்ற சுத்திகரிப்புக்காக 200 கோடி ஒருமுறை மானியம் அறிவித்தார் பிரணாப் முகர்ஜி. 2011-ல் மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடியை வட்டியில்லாக் கடனாகத் தந்தது. 2014-ல் மத்திய அரசின் இன்னொரு 200 கோடி, அதுவும் வட்டியில்லாக் கடன்தான். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது: நிலையங்கள் சொன்னபடி ஓடிக் காட்டினால் கடன் மானியமாக மாறும்.

இந்த ஒரு நிபந்தனையைத்தான் இந்தத் தொடரில் மறுபடி மறுபடி சொல்ல விரும்புகிறேன். கட்டடம் கட்டியதற்கு ரசீது காட்டினால் போதாது, ஓட்டிக் காட்ட வேண்டும். சவ்வூடு வடிகட்டியில் நீரைப் பிரித்து, மிஞ்சும் உப்புநீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கும் நிலையத்துக்குக் கட்டிய செலவைவிட ஓட்டும் செலவுதான் ஓயாத தலைவலி. மின்சாரமும் விறகும் நின்றால் எல்லாம் நின்றுவிடும். அந்தச் செலவைத் தாங்க முடியாத பட்டறைக்காரருக்கு இரவில் வாய்க்காலைத் திறந்துவிடும் ஆசை வரும். கடன் மானியமாவது ஓட்டத்தைப் பொறுத்தது என்றால், திறந்துவிடாமல் இருப்பதற்கே ஒரு விலை கிடைக்கிறது.

அமெரிக்காவில் 1987 முதல் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கென்று சுழல்நிதி இருக்கிறது. மத்திய அரசு முதலைப் போடும், மாநிலம் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத் தன் பணத்தைச் சேர்க்கும். ஊர்கள் குறைந்த வட்டிக்கு வாங்கிச் சுத்திகரிப்பு நிலையம் கட்டும். திரும்பி வரும் பணம் அடுத்த ஊருக்குப் போகும். நமக்கும் 1996-லேயே தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் என்ற அமைப்பு வந்துவிட்டது. அதன் கடன் ஒப்பந்தங்களில் நீர்த்தரம் ஒரு நிபந்தனையாக ஏற வேண்டும்.

பணம் பெறுபவரையும் பொறுப்பாக்கும் இந்த ஒழுங்கு கிராமத்துப் பக்கம் ஓரளவு இருக்கிறது. நீர்வடிப்பகுதித் திட்டங்களில் சொந்த நிலத்தில் வரப்போ பண்ணைக்குட்டையோ அமைத்தால், விவசாயி செலவில் பத்து சதவீதம் போட வேண்டும். சிறு, குறு விவசாயியும் பட்டியலினத்தவரும் ஐந்து சதவீதம். 2008-ன் பொது வழிகாட்டி நெறிகள் அப்படித்தான் கூறின. அந்தப் பணம் ஊர்க்குழுவின் நிதியில் சேர்ந்து, திட்டம் முடிந்த பிறகு பராமரிப்புக்குப் பயன்படும். தன் காசு போட்ட விவசாயி கரை உடைந்தால் சும்மா இருக்க மாட்டார், கேள்வி கேட்பார்.

ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனைத் திருப்பிக் கட்டப்போவது நாம்தான், வரியாகவும் இணைப்புக் கட்டணமாகவும். அப்படியானால் போத்தனூர் வீட்டுக்கு வரும் பாதாளச் சாக்கடைக் கட்டண ரசீதிலேயே, அந்த மாதம் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நொய்யலுக்குப் போன நீரின் தரம் என்ன என்பதையும் மாநகராட்சி அச்சடித்துத் தர வேண்டும். அதே கணக்கின் நகல் ஒரத்துப்பாளையம் ஆயக்கட்டுக்காரர்களுக்கும் போக வேண்டும்.

(அடுத்த வாரம்: ஒரத்துப்பாளையம்)